செவ்வாய் நேர அட்டவணை

கள்ளக்குறிச்சியில் மருந்துக்கடையில் வேலை பார்ப்பதில் ஒரு வசதி உண்டு, மேடம். மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை யாரும் வரமாட்டார்கள். அந்த வெயிலில் காய்ச்சல்காரன்கூட வெளியே வரமாட்டான். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து நூலகத்து நாவல் ஏதாவது படிப்பேன். பனி விழுகிற ஊர்களின் கதைகள்தான் எனக்குப் பிடிக்கும். ஒருநாள் புத்தகம் தீர்ந்துபோனது. கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தபோது செவ்வாய்க் கிரகத்தின் படம் ஒன்று வந்தது. இதெல்லாம் அப்படித்தான் ஆரம்பித்தது.

ஸ்டேஷனில் நீங்கள் வெள்ளைத்தாளை நீட்டி, "நடந்ததை நீங்களே எழுதிக் குடுங்க" என்றீர்கள். பக்கத்தில் இருந்த ரைட்டர், "முடிஞ்சிபோன கேஸும்மா, இன்னாத்துக்கு இப்ப?" என்றார். அவர்மேல் தப்பில்லை. நான் ஒழுங்காக வரிசைப்படி எழுதிவிடுகிறேன்.

என் பெயர் சுபஸ்ரீ. வயது இருபத்தாறு. பி.பார்ம். படித்திருக்கிறேன். இறந்துபோன தேவதர்ஷினிக்கு என்னைவிட ஒரு வயது குறைவு. கச்சிராயபாளையத்தில் கரும்பு விவசாயம் செய்யும் கொளஞ்சியப்பன் அவளுடைய அப்பா, தங்கமணி அம்மா. இலக்கியா என்று ஒரு தங்கை இருக்கிறாள்.

செவ்வாயில் ஒரு ரோவர் ஓடுகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆள் இல்லாத ஆறு சக்கர வண்டி. அது எடுக்கிற படங்களை எந்தத் திருத்தமும் செய்யாமல் அப்படியே இணையத்தில் போட்டுவிடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். உலகம் முழுக்க என்னைப் போல ஆட்கள் அவற்றை எடுத்து, ஒன்றோடு ஒன்று ஒட்டி, நிறத்தைச் சரிசெய்து, பெரிய நிலக்காட்சியாக்கி ஓர் இணைய மன்றத்தில் போடுவார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. படத்துக்குக் கீழே பெயர் வரும். அதுதான் கூலி.

தேவதர்ஷினி முதலில் கடைக்கு வந்தது ஒரு வியாழக்கிழமை. சீட்டு நான்காக மடிக்கப்பட்டிருந்தது. பாண்டிச்சேரி டாக்டர் எழுதிய வலிப்பு மாத்திரை. காலை ஒன்று, இரவு ஒன்று. கச்சிராயபாளையத்திலேயே கடை இருக்கும்போது ஏன் பஸ் ஏறி இங்கே வருகிறாள் என்று நான் கேட்கவில்லை. கல்யாணம் ஆகாத பெண் சீட்டை நான்காக மடித்துக் கொண்டுவந்தால், மருந்துக்கடைக்காரி கேட்கக்கூடாது.

நான் மாத்திரையை எடுப்பதற்குள் அவள் மேஜைமேல் இருந்த என் கைப்பேசியைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாங்க இது, எங்க கொல்லைய படம் புடிச்சி வெச்ச மாதிரி கீது?"

"செவ்வாய்."

"இன்னிக்கி வியாழனாச்சே," என்று சொல்லி அவளே சிரித்தாள். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "கலர் தப்பா போட்டுக்கீறீங்க. இந்த செவப்பு மழைக்கு அப்புறம் வர்ற செவப்பு. அங்க ஏது மழ?"

அவள் சொன்னது சரி. நான் அந்த நிறத்தோடு பதினைந்து நாள் மல்லுக்கட்டியிருந்தேன். அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அப்படித்தான் சிநேகம் ஆனோம். எதிர்ச்சாரியில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் ஜமால் முகமதுவின் மகள் மாஹிராவும் சேர்ந்துகொண்டாள். மூன்று பேருக்கும் ஒரு வாட்ஸப் குழு இருந்தது. ரோவர் எங்கே நிற்கிறது, இன்று அங்கே எத்தனை மணி, அடுத்த படம் எப்போது இறங்கும் என்பதையெல்லாம் கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை. தர்ஷினி படத்தை ஒட்டுவாள். மாஹிரா கிண்டல் செய்வாள். "இவ ஜாதகத்துல செவ்வாய் இல்லன்னு அம்மா சந்தோஷமா கீறாங்க. இவ செல்லப் புடுங்கிப் பாத்தா தெரியும், மொத்தமும் செவ்வாய்தான்" என்பாள். அந்தச் சமயத்தில் தர்ஷினிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வலிப்பு விஷயம் மாஹிராவுக்குத் தெரியாது. தர்ஷினி வீட்டைத் தவிர தெரிந்தவள் நான் ஒருத்திதான். பதினேழு வயதில் ஆரம்பித்தது. மூன்று வருஷமாக ஒருமுறைகூட வரவில்லை. மாத்திரையும் தூக்கமும் நேரத்துக்கு நேரம் இருந்தால் கல்யாணம், குழந்தை எல்லாவற்றுக்கும் ஒரு தடையும் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டாவது தடவை கடைக்கு வந்தபோது இதையெல்லாம் அவளாகவே சொன்னாள். சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் என்னை அவ்வளவு நம்பினாள் என்பதை இங்கே பதிவு செய்வது நியாயம் என்று நினைக்கிறேன்.

பொறாமை என்று உங்கள் ஆட்கள் எழுதக்கூடும் என்பதால் அச்சுவெல்லத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் இறங்கிய படம் ஒன்றில், ஓரத்தில் ஒரு சின்னப் பாறை இருந்தது. தலை தட்டையாக, பக்கங்கள் சரிவாக, அச்சிலிருந்து அப்போதுதான் கவிழ்த்த வெல்லம் மாதிரி. ஆயிரக்கணக்கான படங்களுக்கு நடுவே அதைக் கண்டுபிடித்தது நான். 'அச்சுவெல்லம்' என்று பெயர் வைத்ததும் நான். மன்றத்தில் இருப்பவர்கள் பாறைகளுக்கு இப்படிச் செல்லப்பெயர் வைப்பது வழக்கம். குழுவில் போட்டேன். தர்ஷினி, "சூப்பர்டி, அப்படியே கீது" என்றாள்.

அந்த வாரம் அவள் நூற்று நாற்பது படங்களை ஒட்டி ஒரு முழு நிலக்காட்சி செய்தாள். அது நன்றாக இருந்தது. பார்த்தால் அந்த மண்ணில் வெறுங்காலோடு நடக்கலாம் போலிருந்தது. பாறையைச் சுட்டி ஓர் அம்பு போட்டு, தமிழிலேயே 'அச்சுவெல்லம்' என்று எழுதியிருந்தாள். மன்றத்தில் பிரேசில்காரர்களும் ஜப்பான்காரர்களும் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள். அப்படியென்றால் என்ன என்று கேட்டார்கள். அவள் அப்பாவின் கரும்புத் தோட்டம், கொப்பரையில் காயும் பாகு, அச்சில் ஊற்றும் பலகை என்று நீளமாக எழுதினாள். படிக்க அழகாக இருந்தது. அதில் நான் இல்லை.

மறுநாள் நான் கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"ஐயோ சுபா, மறந்தே பூட்டேன்டி. செருப்பால அடி என்னை. இரு, இப்பவே போட்றேன்."

உடனே போட்டாள். 'பாறையை முதலில் பார்த்துப் பெயர் வைத்தது என் தோழி சுபா.' இருநூற்று பதினொன்றாவது பதில் அது. மூன்று பேர் அதைப் பார்த்து விருப்பம் தெரிவித்திருந்தார்கள். அதில் ஒருத்தி மாஹிரா, ஒருத்தி தர்ஷினி.

அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதை அவள் வேண்டுமென்று செய்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும் என்று மட்டும் நினைத்தேன்.

பிறகு சென்னையில் நடக்கவிருந்த ஓர் அறிவியல் கண்காட்சியிலிருந்து கடிதம் வந்தது. அவளுடைய படத்தைச் சுவர் அளவுக்கு அச்சடித்து வைக்கப்போகிறார்கள், திறப்பு விழாவுக்கு அவள் வரவேண்டும் என்று. அனுமதிச் சீட்டையும் அனுப்பியிருந்தார்கள். அவள் பஸ் பிடித்து, நேராக என் கடைக்கு ஓடி வந்தாள்.

"நீ இல்லாம நான் போவமாட்டேன். உன்னதான் கூட்டிக்கினு வரேன்னு எழுதிட்டேன்."

சீட்டைப் பார்த்தேன். தேவதர்ஷினி என்று அச்சடித்திருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறியும் ஒன்று என்ற எண்ணும். அந்த ஒன்று நான்.

அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்குத்தான் செவ்வாய் நேரத்தைப் பற்றிச் சொன்னேன்.

இதை உங்களுக்கு விளக்கவேண்டும். செவ்வாயில் ஒரு நாள் நம் நாளைவிட ஏறக்குறைய நாற்பது நிமிடம் நீளம். அதை 'சோல்' என்பார்கள். ரோவர் அங்கே இறங்கிய புதிதில், அதை இயக்குபவர்கள் பூமியில் இருந்தபடியே செவ்வாய் நேரத்துக்கு வாழ்வார்கள். இன்று காலை ஆறு மணிக்கு எழுந்தால் நாளை ஆறு நாற்பதுக்கு, மறுநாள் ஏழு இருபதுக்கு. இப்படித் தள்ளிக்கொண்டே போய், இரண்டரை வாரத்தில் பகல் இரவாகிவிடும். முப்பத்தாறு சோல் முடியும்போது மறுபடி காலை ஆறு மணிக்கே வந்து சேர்வார்கள். ஆனால் பூமியில் முப்பத்தேழு நாள் ஆகியிருக்கும். ஒரு நாள் எங்கோ காணாமல் போயிருக்கும். இந்தக் கணக்கை நான் முதன்முதலில் போட்டுப் பார்த்தபோது, பாறையைக் கண்டுபிடித்த நாளைவிட அதிக சந்தோஷம் வந்தது.

"முப்பத்தாறு சோல் அப்படி வாழ்ந்துட்டு, அதை நீ மேடையில சொல்லு. படம் ஒட்டுறவங்க நிறைய பேர் இருக்காங்க. இதைச் செஞ்சவங்க நம்ம பக்கம் யாரும் இல்ல," என்றேன்.

அவளுடைய கண் விரிந்தது. உடனே சுருங்கியது. "தூக்கம் கெடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிக்கீறாரே சுபா."

"கெடாது. எட்டு மணி நேரம் தூங்கத்தான் போற. நேரம் மட்டும் கொஞ்சம் தள்ளிப் போகும்."

"மாத்திர?"

"அதையும் அட்டவணையில சேர்த்துடறேன். சோல் காலை எட்டு, சோல் இரவு எட்டு. ஒண்ணும் குறையாது."

நான் பி.பார்ம். படித்தவள். அவள் அதற்குமேல் கேட்கவில்லை.

இந்த இடத்தில் நான் துல்லியமாக இருக்க விரும்புகிறேன். நான் அவளுக்கு ஒருநாளும் தவறான மாத்திரை கொடுக்கவில்லை. அதே கம்பெனி, அதே அளவு, காலாவதி ஆகாதது. கடையில் நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். நான் மாற்றியது நேரத்தை மட்டும்தான். அந்த மாத்திரைக்கு நேரம்தான் பாதி மருந்து என்பது எனக்குத் தெரியும்.

எட்டு மணி நேரம் தூங்குவாள் என்று சொன்னேனே, அது செவ்வாயில் சரி. கச்சிராயபாளையத்தில், கரும்பு வெட்டு நடக்கிற மாசத்தில், கல்யாணத்துக்குக் காத்திருக்கும் ஒரு பெண்ணை யாரும் பகலில் தூங்க விடமாட்டார்கள். செவ்வாய் நேரம் என்று அம்மாவிடம் சொல்லவும் முடியாது. ஆகவே அவள் இரவு முழுக்கச் செவ்வாய்க்காக விழித்திருப்பாள், பகலில் வீட்டுக்காக விழித்திருப்பாள். இது எனக்கு முன்கூட்டியே தெரியுமா என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியும். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் ஷிப்ட் வேலை பார்த்தவர் என் அப்பா. பகலில் தூங்கும் மனிதர் இருக்கிற வீடு எப்படி இருக்கும் என்பதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன்.

அட்டவணையை ஒரு நோட்டுப் புத்தகத்தில் போட்டுக் கொடுத்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு சோல். எழும் நேரம், மாத்திரை நேரம், படம் இறங்கும் நேரம், தூங்கும் நேரம். கடைசியில் 'தூங்கியது எவ்வளவு' என்று ஒரு கட்டம். ஒவ்வொரு சோல் முடிவிலும் அதை எனக்கு அனுப்பச் சொல்லியிருந்தேன். அவள் ஒழுங்காக அனுப்பினாள். ஐந்தாம் சோல், ஆறரை மணி நேரம். பத்தாம் சோல், ஐந்து. பதிமூன்று, மூன்றே முக்கால். பதினான்காம் சோலில் எண்ணோடு ஒரு வரியும் இருந்தது: 'எழுந்தப்போ கை ரெண்டு தரம் உதறிச்சிடி, காபி டம்ளர் வுழுந்துடிச்சி. அம்மாகிட்ட எறும்பு கடிச்சிதுன்னு சொல்லிட்டேன்.'

அந்த உதறல் என்ன என்பது எனக்குத் தெரியும். வலிப்பு வரப்போவதற்கு முன்னால் வருவது அது. பாடத்தில் படித்திருக்கிறேன். 'சரியாகிவிடும்' என்று பதில் அனுப்பினேன்.

மாஹிராதான் முதலில் சந்தேகப்பட்டாள். தர்ஷினி கடைக்கு வந்தபோது அவள் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னாடி இது, கண்ணு செவசெவன்னு கீது? செவ்வாய்க்கே போய்ட்டு மண்ணள்ளிப் போட்டுக்கினு வந்தியா? போதும் வுட்டுடு. இன்னா, கப்பு குடுக்கப் போறாங்களா?"

தர்ஷினி என்னைப் பார்த்தாள். நிறுத்தலாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்வேன் என்று எதிர்பார்த்தாள்.

"பதினெட்டாவது சோல்ல விட்டா மறுபடி ஒண்ணாவதுல இருந்துதான் ஆரம்பிக்கணும். உன் இஷ்டம்," என்றேன். எதையும் அவள்மேல் திணித்ததில்லை.

"இல்ல, முடிச்சிட்றேன்," என்றாள். "பாதியில வுட்டா மேடையில இன்னான்னு சொல்றது?"

மலைக்குப் போகலாம் என்று சொன்னதும் நான்தான். ரோவர் எப்படிக் கழுத்தை மட்டும் திருப்பித் திருப்பிச் சுற்றிலும் படம் எடுக்கிறதோ, அதேபோல கல்வராயன் மலையில் ஒரு பாறைமேல் நின்று எடுத்து ஒட்டி, செவ்வாய்ப் படத்துக்குப் பக்கத்தில் கண்காட்சியில் வைக்கலாம். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. ஞாயிற்றுக்கிழமை காலை என்று குறித்தேன். அன்றைக்கு மாஹிராவுக்கு உளுந்தூர்பேட்டையில் மாமா மகளின் நிக்காஹ் இருந்தது. அவள் கடையிலிருந்து கைப்பேசியை நிறுத்தும் முக்காலியை மட்டும் கொடுத்து அனுப்பினாள்.

அந்த ஞாயிறு காலை, என் அட்டவணைப்படி, இருபதாம் சோலின் முன்னிரவு. அதற்கு முந்தின பகலில்தான் அவள் தூங்கியிருக்கவேண்டும். ஆனால் அந்தச் சனிக்கிழமை பகலில் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். பதினேழு பேர். கேசரி கிளறி, புடவை கட்டி, காபி கொடுத்து, அவர்கள் போன பிறகு பாத்திரம் கழுவியிருக்கிறாள். இருட்டியதும் வழக்கம்போலச் செவ்வாய்க்கு விழித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து கணக்குப் போட்டால், பஸ் ஏறும்போது அவள் தூங்கி முப்பத்தேழு மணி நேரம் ஆகியிருந்தது.

சந்தோஷமாகத்தான் இருந்தாள். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு, "அவங்களுக்குப் புடிச்சிக்கீதாம் சுபா. மாப்ள தனியா ரெண்டு வார்த்த பேசுனாரு. செவ்வாய்ன்னா அவருக்கும் புடிக்குமாம். பொய்யா கூட இருக்கும், பரவால்ல," என்றாள். கொஞ்சம் கண்ணை மூடினாள். நடத்துனர் சீட்டு கேட்கும் சாக்கில் நான் அவளை எழுப்பினேன். சீட்டை முன்பே வாங்கிவிட்டிருந்தோம்.

கொண்டை ஊசி வளைவு ஒன்றில் இறங்கி, சீத்தாமரங்களுக்கு நடுவே பத்து நிமிடம் நடந்தால் ஒரு மொட்டைப் பாறை வரும். அங்கிருந்து பார்த்தால் கீழே கோமுகி அணை முழுதாகத் தெரியும். அதற்கு முந்தின மாசமே நான் தனியாக வந்து பார்த்திருந்தேன்.

முக்காலியைப் பாறையின் விளிம்பிலிருந்து இரண்டு எட்டு தள்ளி நிறுத்தினேன். அதற்குமேல் உள்ளே தள்ளி வைத்தால் பாறையே அணையை மறைத்துவிடும். இது படத்தின் தேவை, நீங்கள் வேறு யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். முக்காலி நடுவில் இருக்கும். எடுப்பவர் கொஞ்சம் கொஞ்சமாக அதைச் சுற்றி வரவேண்டும். அணையை எடுக்கும்போது மலை முதுகுக்குப் பின்னால் இருக்கும். மலையை எடுக்கும்போது முதுகுக்குப் பின்னால் எதுவும் இருக்காது.

அப்போது மணி எட்டே முக்கால். "இன்னமோ தல ஒரு மாதிரி லேசா கீது," என்றாள். "மாத்திரய இப்பவே போட்டுக்கட்டுமா?"

வீட்டு நேரப்படி என்றால், எட்டு மணிக்கே அது அவள் வயிற்றில் இருந்திருக்கும். என் அட்டவணையில் எட்டு ஐம்பத்தைந்து என்று இருந்தது.

"இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. வெயில் ஏறிட்டா நிறம் மாறிடும். படத்தை முடிச்சிட்டுப் போட்டுக்கோ," என்றேன்.

"சரி," என்றாள். என்னிடம் அவள் எப்போதும் சரி என்றுதான் சொல்வாள்.

மொத்தம் எழுபத்திரண்டு படம் எடுக்கவேண்டும். ஒவ்வொன்றும் முந்தினதன்மேல் மூன்றில் ஒரு பங்கு ஏறியிருக்கவேண்டும், அப்போதுதான் ஒட்ட வரும். அவள் சத்தமாக எண்ணிக்கொண்டே எடுத்தாள். அணை முடிந்து, வயல்கள் முடிந்து, மலைப் பக்கம் திரும்பினாள். படத்தில் ஆள் விழக்கூடாது என்பதால், துணைக்கு வருபவர் எடுப்பவரின் முதுகுக்குப் பின்னால்தான் நிற்கவேண்டும். அந்தக் கோணத்தில் அவள் முதுகுக்குப் பின்னால் நிற்க இடம் இல்லை. ஆகவே நான் ஒரு சீத்தாமரத்துக்குப் பின்னால் போய் நின்றேன். பன்னிரண்டு எட்டுத் தொலைவு.

"நாப்பத்தொண்ணு," என்றாள். அதற்குப் பிறகு எண்ணவில்லை.

கைப்பேசியைப் பார்த்தபடியே நின்றாள். இடது கைக் கட்டைவிரல் தனியாகத் துடித்தது. பிறகு மணிக்கட்டு. முகம் ஒரு பக்கமாக, யாரோ கூப்பிட்டதுபோல மெதுவாகத் திரும்பியது. இருபது வினாடி இருக்கும். உட்காரு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் உட்கார்ந்திருப்பாள். நான் சொன்னதை அவள் செய்யாமல் இருந்ததே இல்லை. ஓடியிருந்தாலும் எட்டிப் பிடித்திருப்பேன்.

ஓடினால் படத்தில் விழுந்துவிடுவேன் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன், மேடம்.

ஒரு காலைப் பின்னால் வைத்தாள். அங்கே பாறை இல்லை. சத்தம் எதுவும் போடவில்லை. முக்காலி மட்டும் நின்றது.

நான் கீழே ரோட்டுக்கு வந்து, வந்த ஜீப்பை நிறுத்தி ஆள் கூட்டினேன். நன்றாகவே அழுதேன். அதில் நடிப்பு இல்லை. உங்களுக்கு முன்னால் இருந்த அதிகாரி என்னிடம் பத்து நிமிடம்தான் பேசினார். கால் தவறியது என்று எழுதினார். மறுநாள் பேப்பரில் 'செல்ஃபி மோகத்தால் பட்டதாரிப் பெண் பலி' என்று போட்டார்கள். எனக்கு அது வேதனையாக இருந்தது. அவள் வாழ்நாளில் செல்ஃபி எடுத்தவள் இல்லை. பேப்பர் அலுவலகத்துக்குப் போன் செய்து மறுத்தேன்.

அவள் வீட்டில் யாரும் வலிப்பைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தபோது தங்கமணி அம்மா என்னைச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டுபோய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அவளுக்குக் கீதுன்னு உனுக்கு மட்டுந்தாம்மா தெரியும். நீ யார்கிட்டயும் சொல்லல. அந்த நன்றிய நான் சாவறவரிக்கும் மறக்கமாட்டேன். இனிமேவும் சொல்லிடாத. சின்னவ ஒருத்தி கீறா." நான் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். இப்போது எழுதியதால் அது உடைந்தது. இலக்கியாவின் சம்பந்தம் கெட்டுப்போகாமல் இதை எப்படியாவது பார்த்துக்கொள்ளுங்கள். நான் அந்தக் குடும்பத்துக்குக் கெடுதல் நினைத்தவள் இல்லை.

ஆறு வாரம் அமைதியாக இருந்தது. இரவு பத்து மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழுந்தேன். கண்காட்சி நேற்று, சனிக்கிழமை, திறந்தது. அவள் பெயர் போட்ட சீட்டோடு நான் தனியாகப் போனேன். வாசலில் இருந்த பெண் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

சுவர் முழுக்க அவள் படம். அதில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. படம் அவளுடையதுதான். அச்சுவெல்லத்துக்குப் பக்கத்தில் இப்போது அவள் பெயரையும் சேர்த்து எழுதியிருந்தார்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் சுவருக்குக் கீழே ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. அதற்குள் ஒரு நோட்டு. நான் கொடுத்த நோட்டு இல்லை. அதைப் பார்த்து, மாத்திரை நேரத்தை மட்டும் விட்டுவிட்டு, கோடு போட்டு, நிறம் தீட்டி, அவள் தன் கையெழுத்தில் அழகாக எழுதி வைத்திருந்த படி. கொளஞ்சியப்பன் கொடுத்திருக்கிறார். பக்கத்தில் ஒரு சீட்டு: 'செவ்வாய் நேரத்தில் வாழ்ந்த கள்ளக்குறிச்சிப் பெண். தேவதர்ஷினி தானே கணக்கிட்டு உருவாக்கிய செவ்வாய் நேர அட்டவணை.' ஜனங்கள் குனிந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பொறுப்பாளரிடம் போய், கணக்கு என்னுடையது என்றேன். ஒரு சோலுக்கு முப்பத்தொன்பது நிமிடம் முப்பத்தைந்து வினாடி அதிகம் என்பதைக்கூட அவளுக்குச் சொல்லித் தந்தது நான் என்றேன். அவர் மென்மையான மனிதர். என் தோளைத் தட்டி, "துக்கம் மனசை இப்படித்தான் பண்ணும்மா. இப்போ யார் போட்டதுங்கறது முக்கியமா?" என்றார்.

முக்கியம்தான். அங்கிருந்து பஸ் ஏறி நேராக இங்கே வந்தேன்.

முப்பத்தாறு சோலையும் கணக்கிட்டது நான். மாத்திரை நேரத்தை அதில் எழுதியது நான். அவள் தூக்கம் குறைவதை எண் எண்ணாகப் பார்த்தது நான். நாளையும் பாறையையும் தேர்ந்தெடுத்தது, முக்காலியை நிறுத்தியது, இருபது வினாடி மரத்துக்குப் பின்னால் நின்றது, எல்லாம் நான். தேவதர்ஷினி அப்படித்தான் செத்தாள். இதில் எந்த வேலையிலும் வேறு யாருடைய உதவியும் இல்லை. இந்தத் தாளின் கீழே என் முழுப் பெயரையும் தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இதன் நகல் ஒன்றை உங்கள் முத்திரையோடு கண்காட்சிக்கு அனுப்பிவையுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறதாம், அதற்குள் பெட்டியில் இருக்கும் சீட்டை மாற்றினால் போதும். பொறாமையால் செய்தேன் என்று மட்டும் யாரும் எழுதிவிடவேண்டாம். அவளிடம் இருந்த எதுவும் எனக்கு எப்போதுமே வேண்டியிருந்ததில்லை.